முன்னறைக்காக வடித்த கண்ணீர்

வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் முன்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று டிரைவர் அன்று காலை பல் விளக்கிக்கொண்டே முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவு வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை. மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. புருஷன் பேச்சு எம்மாத்திரம்.

டிரைவர் என்றால் இப்போது டிரைவர் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் பட்டத்தை மட்டும் அவரிடமே விட்டுவிட்டார்கள். ஆகையால் தெருவுக்கு அவர் டிரைவர். மனைவி டெய்லரம்மா. அந்தத் தெருவில் அவள் கத்தரி படாத துணி கிடையாது. கொடியில் காய்கிற சட்டையைப் பார்த்தே எந்த வீட்டில் யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டி ஷெட்டில் நின்றது. ஓடுகிற வண்டிக்கு இடம் வேண்டும் என்பது அவள் கட்சி. நிற்கிற வண்டிக்குத்தான் இடம் வேண்டும் என்பது இவர் கட்சி.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முதலில் முன்னறை, அடுத்து சமையலறை, அதையும் தாண்டினால் குளியலறையை ஒட்டி ஒரு பின்னறை. முன்னறையில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே டிவி. அதற்கு நேர் எதிரே, ஃபேனுக்கு நேர் அடியில், டிரைவரின் சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் தெருமுனை வரைக்கும் தெரியும். அங்கே பஸ் திரும்பும். திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸையும் டிரைவர் பார்ப்பார். "இவன் பிரேக்கை மிதிக்கிறானா, கரப்பான் பூச்சியை மிதிக்கிறானா" என்பார். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அது அவருக்கு வேண்டியதும் இல்லை. அந்த ஜன்னல்தான் அவருக்கு மிச்சம் இருந்த முன்கண்ணாடி. அது போனால் ரோடு போயிற்று.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. உயரத்தில் பூனை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அங்கேதான் டெய்லரம்மா இத்தனை வருஷமும் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. டேப்போடு வந்தால் விஷயம் பெரிது என்று டிரைவருக்குத் தெரியும்.

"என்னங்க."

"ம்."

"இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க. முன்ரூம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"நீச்சலடிக்க. எதுக்குன்னு கேக்கறாரு பாரு. மெஷின் போடத்தான்."

"உள்ள இடம் இல்லையா?"

"இடம் இருக்கு, வெளிச்சம் எங்க இருக்கு? ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போகுது. வர்றவங்க உங்க சேரைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, பாத்ரூமைத் தாண்டி உள்ள வந்து அளவு குடுக்கணும். அவங்க அளவு குடுக்க வர்றாங்களா, யாத்திரை போறாங்களா?"

"அப்ப நான் எங்க போறது?"

"பின்ரூமுக்கு."

"அங்க ஜன்னல் இல்லையே."

"எனக்கு மட்டும் இத்தனை வருஷமா இருந்துச்சா?"

டிரைவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். எழுந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். உட்கார்ந்தார். டிவியை முறைத்தார். டிரைவர் முறைத்தால் முறைத்ததுதான். ரோட்டில் கண் இமைக்காமல் ஓட்டிப் பழகிய கண். இமைத்தால் முன்னால் மாடு வந்துவிடும் என்று பயந்து பயந்து, இமைக்கிற பழக்கமே அற்றுப்போயிருந்தது.

ஃபேன் அடித்தது. கண் எரிந்தது. கொஞ்ச நாளாகவே எரிச்சல்தான். மணலை வாரிப் போட்ட மாதிரி உறுத்தும். அன்றைக்கு எரிந்து எரிந்து, திடீரென்று இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கன்னத்தில் ஓடி, மீசையில் தேங்கி, மோவாயிலிருந்து சொட்டியது.

டெய்லரம்மா பேச்சை நிறுத்தினாள். அவள் பாதிப் பேச்சில் நிறுத்தி அந்த வீடு பார்த்ததில்லை.

"என்னங்க... அழறீங்களா?"

"இல்லையே" என்று உண்மையைச் சொல்லத்தான் டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முகம் கண்ணில் பட்டது. அந்த முகத்தில் கோபம் இல்லை. பெற்ற தாய் செத்தபோதுகூட கண் கலங்காமல் 'வண்டி எப்ப வரும்' என்று கேட்டுக்கொண்டு நின்ற மனுஷனா இது என்று அது திகைத்துப்போயிருந்தது. டிரைவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மூக்கை மட்டும் ஒருதரம் உறிஞ்சினார். வாழ்நாளில் அவர் போட்ட கியர்களிலேயே சரியான நேரத்தில் விழுந்த கியர் அதுதான்.

"சரி விடுங்க" என்றாள் அவள். "ரூமும் வேணாம் ஒண்ணும் வேணாம். டீ போடட்டுமா?"

கேட்டாலும் டீ வராத வீட்டில் கேட்காமலே டீ வந்தது.

சாயங்காலம் டிரைவர் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகவே ரகசியம் பேசினார்.

"உறுத்துதுப்பா. காலையில எழுந்தா இமை ரெண்டும் கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்குது. கொஞ்ச நேரம் டிவி பாத்தா மங்கிப்போகுது. அப்புறம் தண்ணியா ஊத்துது."

"டாக்டர்கிட்ட காட்டுங்க டிரைவரே."

"காட்டினா நின்னுடுமே."

"நிக்கத்தானே காட்டறது?"

"உனக்கு விவரம் பத்தல. இது கண்ணீர் இல்லை. வீட்டுப் பத்திரம். இது ஓடற வரைக்கும் முன்ரூம் என்னுது."

"வலிக்கலையா?"

"வலிக்குது. சொத்துன்னா சும்மாவா வரும்?"

எலெக்ட்ரீஷியன் தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னலை விட்டு நகர்ந்தார். போகும்போது கையில் ஒரு பேண்ட் இருந்தது. இடுப்பு பிடிக்கிறதாம். பின்னறைக்குப் போய் டெய்லரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. தனக்கும் டிவிக்கும் நடுவே யார் குறுக்கே போனாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மறைக்காதே." போகிற ஆள் யார் என்று நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

அதற்கப்புறம் டிரைவரின் ராஜ்ஜியம்தான். அறை என்று அவள் வாயெடுத்தால் போதும். ஃபேன் ரெகுலேட்டர் கடைசிக்குப் போகும், கண் டிவியில் நிலைக்கும், தண்ணீர் வரும். பாவம், அறைப் பேச்சு எடுக்காத நாளிலும் வந்தது. சோறு குழைந்துவிட்டது என்றாலும் வந்தது. ஒருநாள் அவள் "மணி என்ன" என்று கேட்டபோதுகூட வந்தது.

செய்தி டெய்லரம்மாவின் அண்ணன் காதுக்கும் போயிற்று. லோடு வண்டி வைத்திருக்கிறவர். பீரோவைத் தனியாளாகத் தூக்குகிற உடம்பு, பஞ்சு மாதிரி மனசு. வந்து பார்த்தார். டிரைவரின் கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. மச்சான் ஆடிப்போய்விட்டார்.

"மாப்ளே, என்னது இது?"

"ஒண்ணுமில்ல மச்சான்." ஒரு சொட்டு விழுந்தது.

"தங்கச்சி, விட்டுடும்மா. ஒரு ரூமுக்காக ஒரு ஆம்பளையை இப்படி அழ விடுவாங்களா?"

"நான் விட்டு ரொம்ப நாளாச்சுண்ணே. இவருதான் விடமாட்டேங்கறாரு. இவ்வளவு அழுகை உடம்புக்கு ஆகாது. நாளைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

டிரைவர் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழுகைக்கு எதுக்கு கண் டாக்டர்?" என்றார்.

"வயித்தாலயா அழறீங்க? கண்ணாலதானே."

தப்பிக்க வழியில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டாக்டர் அறைக்குள் தனியாகத்தான் போவார். மனைவி வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். "ஆம்பளை அழுததைப் பத்தி பேசறது. பொம்பளை பக்கத்துல இருந்தா நல்லா இருக்காது" என்றார். அவள் சரி என்றாள். சட்டென்று சரி என்றது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. கண்தான் உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு நர்ஸம்மா அவரை உட்கார வைத்தாள்.

"வாங்க ஐயா. என்னைத் தெரியுதா?"

டிரைவர் பார்த்தார். வெள்ளையாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. "என் பஸ்ல வந்திருப்பே."

"பஸ்லயா?" அவள் சிரித்தாள். "சரி. மேல பாருங்க."

கீழ் இமைக்குள் மெல்லிசாக ஒரு தாள் துண்டைச் செருகினாள். எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். டிரைவர் மனசுக்குள் கொண்டாடினார். தாள் நனைந்து கிழிந்து ஒழுகி, பக்கெட் வைக்கவேண்டிவரும் என்று எதிர்பார்த்தார். சற்று நேரம் கழித்து டாக்டரம்மா வந்து தாளை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் எறும்பு நக்கின அளவுக்கு ஈரம். மற்றபடி கடையில் வாங்கின மாதிரியே இருந்தது.

"ஐயா, உங்க கண்ணு காஞ்சு கிடக்கு."

"என்ன டாக்டரம்மா நீங்க. குழாய் மாதிரி கொட்டுது, காஞ்சிருக்குன்னு சொல்றீங்க."

"காஞ்சதாலதான் கொட்டுது. கண்ணு மேல எப்பவும் மெல்லிசா ஒரு ஈரம் இருக்கணும். அதுல கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் சேந்திருக்கணும். வயசாக ஆக அது குறையும். குறைஞ்சா எரியும். எரிஞ்சா உள்ளேயிருந்து ஒரேயடியா தண்ணியைத் திறந்து விட்டுடும். அந்தத் தண்ணி கன்னத்துல ஓடத்தான் ஆகும். கண்ணுல தங்காது."

டிரைவர் யோசித்தார். "ரேடியேட்டர் காஞ்சா கொதிச்சு ஊத்துமே, அந்த மாதிரி."

"அப்படியே வச்சுக்கோங்க."

"எப்ப தீரும்?"

"முழுசா தீரும்னு சொல்ல முடியாதுங்க. கூடவே வச்சுக்கிட்டு, பாத்துப் பாத்து நடந்துக்கணும். தினமும் கவனிச்சா தொந்தரவு இருக்காது. கவனிக்காம விட்டா படுத்தி எடுத்துடும்."

டிரைவருக்கு இது புதிதாகத் தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

"முதல்ல, ஃபேன் காத்து மூஞ்சியில நேரா அடிக்கக் கூடாது" என்றாள் டாக்டரம்மா. "டிவி கொஞ்ச நேரம் போதும். பாக்கறப்போ கண்ணை நல்லா மூடி மூடித் திறங்க. நீங்க இமைக்கவே மாட்டேங்கறீங்க, நானும் வந்ததுலேருந்து பாக்கறேன். ரோட்டுத் தூசி படற இடத்துல உக்காராதீங்க. காத்துல கொஞ்சம் ஈரம் இருக்கற ரூமா இருந்தா ரொம்ப நல்லது. துணியை வெதுவெதுப்பா வச்சு காலையிலயும் சாயங்காலமும் ஒத்தடம் குடுங்க. அப்புறம் இந்த சொட்டு மருந்து."

ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னறையிலிருந்து ஒவ்வொரு சாமானாகத் தூக்கி வெளியே வைக்கிற மாதிரி டிரைவருக்கு இருந்தது. ஃபேன் போயிற்று. டிவி போயிற்று. ஜன்னல் போயிற்று. கடைசியில் நாற்காலியும் போயிற்று.

"டாக்டரம்மா, இதை வெளியில உக்காந்திருக்கறவகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"அவ மனசு தாங்காது."

மூலையில் நின்ற நர்ஸம்மாவுக்கு இருமல் வந்தது.

"கண்ணு போயிடுமா?" என்று டிரைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இதை மட்டும் நடிக்காமல் கேட்டார்.

"கவனிச்சா ஒண்ணும் ஆகாது. காய விட்டீங்கன்னா கருவிழியில புண்ணு வரலாம். அப்புறம் கஷ்டம்."

படி இறங்கும்போது டிரைவர் மனசுக்குள் ஒரு தராசைப் பிடித்துப் பார்த்தார். ஒரு தட்டில் கண். இன்னொரு தட்டில் முன்னறை. கண் இல்லாவிட்டால் ஜன்னல் இருந்து என்ன பிரயோசனம் என்று ஒரு மனசு சொன்னது. ஜன்னல் இல்லாவிட்டால் கண் இருந்து பார்க்கத்தான் என்ன இருக்கிறது என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டாவது மனசு சத்தமாகப் பேசியது. மருந்துச் சீட்டைக் கசக்கி வாசலில் இருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மனைவியிடம் வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"மனசுதானாம்."

"மனசா?"

"ஆமா. மனசுல ஏதோ பெரிய பயமாம். இருக்கற இடத்தை மாத்தினா உசுருக்கே ஆபத்தாம்."

"அடப்பாவமே. டிவி?"

"நிறைய பாக்கணுமாம்."

"ஃபேன்?"

"ஃபுல்லா."

"ஜன்னல்?"

"தொறந்தே இருக்கணுமாம்."

டெய்லரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் பெருமூச்சு விட்டு, "டாக்டர் சொன்னா சரிதான். டாக்டர் சொல்றபடியே செஞ்சுடுவோம்" என்றாள்.

டிரைவருக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. இவ்வளவு வெகுளியாக இருந்துகொண்டு எப்படித்தான் தொழில் நடத்துகிறாளோ.

மறுநாள் காலையில் அவள் ஒரு வேலை செய்தாள். சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மடித்து, இஸ்திரிப் பெட்டியை லேசாக அதன்மேல் ஓட்டி, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, கொண்டுவந்து டிரைவரின் மூடிய கண்மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"அழுது அழுது கண்ணு வீங்கியிருக்குல்ல. ஒத்தடம்."

வெதுவெதுவென்று இருந்தது. சுகமாக இருந்தது. ஆறினதும் மறுபடி சூடாக்கி வைத்தாள். பிறகு விரல் நுனியால் இமையோரத்தை மெதுவாக நீவிவிட்டாள். தையல் ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல். அந்த விரலுக்கு இவ்வளவு மென்மை உண்டு என்று இத்தனை வருஷமாக டிரைவருக்குத் தெரியாது. கடைசியில் கண்ணை லேசாக விரித்தாள். சில்லென்று ஏதோ ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. ஒத்தடத் துணியின் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலமும் அதே. தினமும் அதே. நடுவில் குறுக்கே போகும்போதெல்லாம் "இமைங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இமைச்சா சோகம் குறையுமாம்."

அவரும் இமைத்தார். வீட்டில் சும்மா கிடைக்கிற உபசாரம், எதற்கு மறுப்பது.

நடுவில் ஃபேன் கெட்டுப்போயிற்று. எவ்வளவு திருகினாலும் முதல் நம்பரைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து பிரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "பார்ட் வரணும்" என்றார். எங்கிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்லவில்லை. அவர் பேண்ட் இப்போது இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

நாள் போகப் போக டிரைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. காலையில் இமை ஒட்டவில்லை. மணல் உறுத்தல் காணோம். டிவியில் வருகிறவர்களுக்கு மூக்கும் முழியும் தனித்தனியாகத் தெரிந்தன. தெருமுனையில் பஸ் திரும்பினால் நம்பரே படிக்க முடிந்தது. இன்னொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். டிரைவரோ ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. கிணறு தூர்ந்துவிட்டது.

"தம்பி, தண்ணி வரமாட்டேங்குது" என்று ஜன்னல் வழியாக எலெக்ட்ரீஷியனிடம் கிசுகிசுத்தார்.

"மோட்டார் போட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணுல தம்பி."

"ஓ, கண்ணா. நல்ல விஷயந்தானே டிரைவரே" என்று அவர் ஜன்னலைத் தாண்டிப் போனார். அன்றைக்கு ஏனோ நின்று பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். லோடு வண்டியோடு வந்தார். கையில் கயிறும் சுத்தியலும் இருந்தன.

"சுத்தி எதுக்கு மச்சான்?"

"சும்மா மாப்ளே. கையில எதுவும் இல்லாம வரக்கூடாதுல்ல."

டெய்லரம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கழுத்தில் டேப் இருந்தது.

"என்னங்க, முன்ரூமைப் பத்தி கொஞ்சம் பேசணும்."

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்தது வேளை. ரெகுலேட்டரைத் திருகினார். ஃபேன் தூங்குகிறவன் புரள்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. டிவியை முறைத்தார். இமைக்கவில்லை. பழைய வீரத்தையெல்லாம் திரட்டி முறைத்தார். ஒன்றும் வரவில்லை. சோகமானதை நினைத்துப் பார்த்தார். செத்துப்போன அம்மாவை நினைத்தார். அம்மா கனவில் வந்தாலும் திட்டுவாளே தவிர, அழவைக்க மாட்டாள். கடைசி நாள் பஸ் சாவியைக் கொடுத்ததை நினைத்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கண் மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது.

"என்ன மாப்ளே, அப்படிப் பாக்கறீங்க? பயமா இருக்கு" என்றார் மச்சான்.

"அழறேன் மச்சான்."

"தண்ணியைக் காணோமே."

"உள்ளுக்குள்ள அழறேன்."

"அப்ப பேசலாம்" என்றாள் டெய்லரம்மா. "அண்ணே, டாக்டர் சொன்னபடியே செய்யணும்னு இவருக்கு ரொம்ப ஆசை. அன்னைக்கே நானும் சரின்னுட்டேன். டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? இவருக்குக் கண்ணு காஞ்சிருக்காம். ஃபேனுக்கு நேர் கீழ உக்காரக் கூடாதாம். டிவி முன்னாடியே குடியிருக்கக் கூடாதாம். ரோட்டுத் தூசி வர்ற ஜன்னல் ஆகாதாம். காத்துல ஈரம் இருக்கற ரூமா பாத்து வைக்கணுமாம். நீயே சொல்லு. ஃபேன் இல்லாம, டிவி இல்லாம, ஜன்னல் இல்லாம, பாத்ரூம் பக்கத்துலயே ஈரமா ஒரு ரூம் நம்ம வீட்டுல எங்க இருக்கு?"

மச்சான் வீட்டை நீளவாக்கில் ஒருதரம் பார்த்தார். "பின்ரூம்."

"டாக்டருக்கு நம்ம வீடு எப்படித்தான் தெரிஞ்சுதோ."

"பொய்" என்றார் டிரைவர். "உனக்கு யாரு சொன்னா? நான் தனியாத்தானே உள்ள போனேன்."

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் வெள்ளைத் துணி. யூனிஃபார்ம் தைக்கக் கொடுப்பதற்கு. டிரைவர் முதல் தடவையாக, தன் வாசலுக்கு வந்த ஒரு ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்தான் இப்போது நன்றாகத் தெரிகிறதே.

"ஐயா, உறுத்தல் எப்படி இருக்கு?" என்றாள் நர்ஸம்மா. "நான் குடுத்த மருந்தை விடறப்போ சமத்தா இருக்கீங்களாமே."

"நீயா?"

"நானேதான். பஸ்ல எல்லாம் வந்ததில்லைங்க. நாலு யூனிஃபார்ம் தைச்சு வாங்கிட்டுப் போயிருக்கேன் இங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க என்னைப் பாத்து ‘மறைக்காதே’ன்னு சொல்லியிருக்கீங்க."

டிரைவர் நாற்காலியில் சரிந்தார். ரோட்டில் வருகிற மாட்டுக்கும் லாரிக்கும் பயந்து முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வண்டிக்குள் யார் ஏறியிருக்கிறார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"எலெக்ட்ரீஷியன்?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"பாவம், இடுப்பு பிடிச்சா அவரு எங்க போவாரு?" என்றாள் டெய்லரம்மா.

"இத்தனை நாள் ஒத்தடம் வச்சியே. அதுவும் இதுக்குத்தானா?"

அவள் கழுத்து டேப்பை ஒருதரம் இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "கண்ணுக்கு வச்சது கண்ணுக்கு. ரூமுக்குப் பேசறது ரூமுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்றாள். "எழுந்திருங்க. அண்ணன் நாற்காலியைத் தூக்கணும்."

மச்சான் தூக்கினார். டிரைவர் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானதால் அவரையும் சேர்த்தே தூக்கினார். முன்னறை பின்னால் போயிற்று. ஜன்னல் சின்னதாயிற்று. தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது. அழகாகத் திரும்பியது. பிரேக்கை எங்கே மிதிக்கவேண்டுமோ அங்கே மிதித்தான். யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. அதற்குள் அடுப்பு வந்தது, குளியலறை வந்தது, சுவர் வந்தது. மச்சான் மெஷினைக் காலால் ஒதுக்கிவிட்டு அது இருந்த இடத்தில் நாற்காலியை இறக்கினார். அந்த இடத்துக்கு மேலேயே அந்த ஒற்றை பல்பு தொங்கியது. இதன் கீழேதான் அவள் இத்தனை வருஷமும் நூல் கோத்தாளா என்று டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் வந்தது. ஃபேன் இல்லை. டிவி இல்லை. இமைத்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தும் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இரண்டு கண்ணிலும் நிறைந்து வழிந்தது. டிரைவர் தேம்பினார். அம்மா செத்ததற்கும், சாவியைக் கொடுத்ததற்கும், போன ஜன்னலுக்கும், பல்புக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேம்பினார்.

மச்சான் பதறிப்போனார். சமையலறையைத் தாண்டிக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, இங்க வாம்மா. மாப்ளே அழறாரு. இது நெசமான அழுகை."

முன்னறையிலிருந்து டேப் விரிகிற சத்தம் கேட்டது. டெய்லரம்மா நர்ஸம்மாவுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அழுகையா? இவரா? கண்ணு காஞ்சிருக்குண்ணே. மருந்து அந்த அலமாரியில இருக்கு. கண்ணுக்கு ஒரு சொட்டு விடு. நின்னுடும்."

மச்சான் பீரோ தூக்குகிற விரலால் டிரைவரின் இமையை விரித்து, கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டார்.

நின்றுவிட்டது.